பதினோரு மில்லிமீட்டர்

கப்பல் எனக்கென்று ஒதுக்கியது
ஒரு கட்டில், இரண்டு கொக்கி,
கால்மாட்டில் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தட்டு.
பாரென்ட்ஸ் கடலில் ஆறு வாரம்.
மீதி உலகம் அந்தத் தட்டுக்குள் அடங்க வேண்டும்.
அதனால்தான் பத்து லிட்டர் கணினிப் பெட்டி.
லிட்டர் என்றதும் தூரித் சிரித்தாள்:
"எண்ணெயா ஊற்றப்போகிறாய், ரன்வா?"

கார்டு கிளாக்ஸ்விக் அஞ்சலகத்துக்கு வந்தது.
அதைச் சுற்றிவந்த அட்டையே
என் பெட்டியைவிடப் பெரிது.
மூன்று விசிறி.
செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிய
நடுத்தரக் காட் மீனின் கனம்.
நீளத்தில் பதினெட்டு மிச்சம்,
தடிமனில் இரண்டு.
எஞ்சின் அறையில் கேஜ் பிடித்துப் பிழைக்கிறவள் நான்,
இரண்டு மில்லிமீட்டர் எனக்கு மைதானம்.

மின்சார வயரை யாரும் அளப்பதில்லை.
செருகிய இடத்திலிருந்து
கொஞ்ச தூரம் நேரே போய்த்தான் வளைவேன்
என்று அது அடம்பிடித்தது.
கழுத்தை மடக்கினால் பின்கள் கருகும்.
ஆனை நுழைந்த வாசலில்
வால் மாட்டிக்கொண்டது.
கண்ணாடிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே
பதினோரு மில்லிமீட்டர்.

மறுநாள் விடியலில் கப்பல்.
மூட்டுப்பூட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன்,
அது வயரைத் தவறான பக்கம் திருப்பியது.
தம்பி ஹோக்னி காரில் சாய்ந்துகொண்டு சொன்னான்:
"திருப்பிக் கொடு. சின்னதாக ஒன்று வாங்கு.
படம் ஓடாதா என்ன?"

ஓடும்.
படம் யாருக்கு வேண்டும்?
எனக்கு வேண்டியது மரங்கள்.
எங்கள் தீவுகளில் புல் உண்டு, பாறை உண்டு,
மனிதரைவிட அதிகமாக ஆடுகள் உண்டு.
மரம் என்று நட்டவை
சுவருக்குப் பின்னால் குனிந்தே வளர்கின்றன,
காற்றுக்குக் கடன்பட்டவர்கள் மாதிரி.
அந்த விளையாட்டில் நான் லாரி ஓட்டுகிறேன்.
யாரையும் சுடுவதில்லை. எதையும் வெல்வதில்லை.
ஓக் காட்டின் ஊடே
மரப்பலகையோ தக்காளியோ ஏற்றிக்கொண்டு போகிறேன்.
ஒவ்வோர் இலைக்கும் தனி நிழல் வேண்டுமென்றால்
இந்தக் கார்டுதான்.
ஒரு நிழலுக்கு எத்தனை வாட் என்று
கணக்குப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்,
பார்க்கவில்லை.

கண்ணாடியைத் தம்பியின் காரிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் இரவு கடல் புரண்டது.
திறந்த பெட்டியின் நடு விசிறிக்குள்
மேல்கட்டிலிலிருந்து தூரித்தின் காலுறை விழுந்து
ஒரு நாய் உறுமியது போலச் சத்தம்.
நான் திட்டினேன்.
அவளும் திட்டினாள், காலுறைக்காக.
பிறகு எழுந்து டெக்குக்குப் போனவள்
பச்சை நைலான் நூலோடு வந்தாள், வலை ஊசியோடும்.
அளவு கேட்கவில்லை.
சட்டத்தின் நான்கு மூலைத் திருகாணிகளில் முடிச்சிட்டு
பின்னத் தொடங்கினாள்.
பகலெல்லாம் மீனைத் துண்டம் போட்ட கை,
மணிக்கட்டில் இன்னும் செதில்.

ஒரே ஒரு வலைக்கண்ணை மட்டும்
பெரிதாக விட்டிருந்தாள்.
அதன் வழியே வயரின் முதுகு
வெளியே எட்டிப் பார்த்தது,
நனைந்த கழுத்துள்ள பறவை.
பதினோரு மில்லிமீட்டர்
கதவுக்குத்தான் இல்லை,
வலைக்கு எப்போதும் உண்டு.

கண்ணாடியோடு எவ்வளவு சுட்டிருக்கும், தெரியாது.
வலைக்குப் பின்னால் அறுபத்தெட்டு டிகிரி.
அந்த வெப்பத்தில் கையுறை காய்கிறது.

இப்போது ஷிப்ட் முடிந்ததும்
முதல் ஓட்டம் அவளுடையது.
பாதி வழியில் லாரியை ஓரம் கட்டுகிறாள்.
சரக்கு தாமதமாகிறது, அபராதம் ஏறுகிறது.
"என்ன ஆச்சு?"
"சும்மா இரு. ஒன்று விழப் போகிறது."
இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டிலுக்கடியில்
ஒரு திருகாணி
கப்பல் சாயும்போதெல்லாம் இந்தப் பக்கம் வருகிறது,
நிமிரும்போது அந்தப் பக்கம் போகிறது.
எதிலிருந்து கழன்றது என்று
இன்னும் தெரியவில்லை.